வெள்ளைச் சீலையில் சுற்றிய தோட்டம்

1979ஆம் ஆண்டு, மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணம் பஸ் நிலையம், காலை ஆறரை மணி.

குறிகட்டுவான் பஸ்ஸில் அந்தக் கம்பளத்தை ஏற்றக் கொண்டக்டர் விடமாட்டார் என்று பயந்தேன். அதைவிட, விட்டுவிடுவாரோ என்றும் பயந்தேன். விடாவிட்டால் நல்ல சாட்டு. குருநகரில் அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் போர்த்துக்கொண்டு படுத்துவிடலாம். விட்டால் நயினாதீவில் இராசமலர் என்கிற பெண்ணின் முன்னால் போய் நிற்க வேண்டும். "என்ர மனுசன் எங்க?" என்று அவள் கேட்பாள். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

கொண்டக்டர் கம்பளத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு தானே ஒரு பக்கத்தைத் தூக்கி, கடைசி இருக்கையில் மெதுவாகக் கிடத்தினார். எனக்கு மட்டும் ஒரு ரூபா எழுபது சதத்துக்குத் துண்டு கிழித்தார். பொதிக்குக் காசு நீட்டியபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு கொண்டக்டரா என்று எனக்கு ஆச்சரியம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஈரானில், இஸ்பஹான் நகரத்தில், ஆறு வருடம் ஆஸ்பத்திரி நேர்ஸ். அந்த நாட்டில் போன வருடம் தொடங்கிய அமளி பற்றிப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். தை மாதத்தில், விமானம் பறந்த ஒரு நாளாகப் பார்த்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். என்னோடு வரவேண்டிய குகநேசன் வரவில்லை. அவர் நயினாதீவுப் பொடியன், அங்கே ஒரு தொழிற்சாலையில் வெல்டர் வேலை. அவருடைய பாஸ்போட் கம்பனிக் கந்தோரில் இருந்தது, கந்தோர் பூட்டிக் கிடந்தது. "நீங்கள் போங்கோ அக்கா, நான் பின்னால வாறன். இதை மட்டும் மலரிட்டைக் குடுங்கோ" என்று கம்பளத்தை என் தலையில் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை, தந்தி இல்லை. கொழும்பில் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியாது. கலியாணம் முடித்து நாலு மாதத்தில் அவரை விமானம் ஏற்றிவிட்ட இராசமலருக்கு, மார்கழிக்குப் பிறகு ஒரு சொல்கூட வரவில்லை. நான் புறப்பட்ட நாளில் அவர் உயிரோடு இருந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்கக்காரர் பொதியைக் கிழித்துப் பார்த்துவிட்டுக் கந்தலாகத் தந்தார்கள். கம்பளத்துக்குள்ளே குகநேசன் வைத்திருந்த பன்னீர்ப் போத்தலையும் உடைத்துவிட்டார்கள். குருநகரில் நான் அதைத் திரும்பவும் இறுக்கிச் சுருட்டி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கற்பூரம் வைத்து, புது வெள்ளைப் படுக்கைச் சீலையால் சுற்றினேன். ஆஸ்பத்திரியில் பழகிய கை. மேலே ஒன்று, நடுவிலே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று இடத்தில் வெள்ளை நாடாவால் கட்டி முடிச்சுப் போட்டேன். பொதி ஐந்தடி நீளம். ஒழுங்கான வேலை என்று எனக்கே திருப்தி.

பண்ணைப் பாலத்தடியில் பொலிஸ் பஸ்ஸை மறித்தது. கடத்தல் சாமான் தேடுகிறார்களாம். காக்கிச் சட்டையையும் துவக்கையும் கண்டால் இப்போதெல்லாம் எனக்கு இஸ்பஹான் தெருதான் நினைவுக்கு வருகிறது. பொலிஸ்காரர் ஒருவர் ஏறி, சாக்குகளைத் தடியால் குத்திக்கொண்டு கடைசி இருக்கைவரை வந்தார். தடியை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். பிறகு இறங்கி, பஸ்ஸைப் போகச் சொன்னார். நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். அவர் ஏன் தொப்பி கழற்றினார் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மனுஷி பயத்தில் இருந்தால் மூளை வேலை செய்யாது என்பது சும்மா பேச்சல்ல.

பண்ணைக் கடலுக்கு நடுவே போகும் தெருவில் இரண்டு பக்கமும் தண்ணீர். மீன் பிடிக்கக் கடலில் நட்ட களங்கட்டித் தடிகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. மண்டைதீவுச் சந்தியில் மீன்கூடையோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். அல்லைப்பிட்டி தாண்டும்போது எனக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து அமர்ந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, மடியில் ஒரு கட்டு வெற்றிலை. பெயர் தம்பிராசா, நயினாதீவில் கடை வைத்திருக்கிறார். வாய் ஓயாத மனிதர் என்பது உட்கார்ந்த உடனேயே தெரிந்தது.

"எங்க பிள்ளை பயணம்?"

"நயினாதீவுக்கு. குகநேசன் வீட்டை."

"எந்தக் குகநேசன்? ஈரானில நிக்கிற பொடியனோ?"

"ஓம். அங்கயிருந்துதான் வாறன்."

அடுத்த கேள்வி "பொடியன் எப்பிடி இருக்கிறான்?" என்றுதான் வரும் என்று நினைத்து, நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண் கலங்கியதும் உண்மை. அவர் கேட்கவில்லை. மெல்லத் திரும்பி, கடைசி இருக்கையைப் பார்த்தார். பன்னீர் மணமும் கற்பூர மணமும் பஸ் முழுக்க இருந்தன. "முருகா" என்று முனகினார். அதற்குப் பிறகு புங்குடுதீவு வரும்வரை அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கம்பளத்தைப் பற்றிச் சொல்வதென்றால் இஸ்பஹானைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றிவர மண்ணிற மலையும் வறண்ட நிலமும். நகரத்துக்குள் நுழைந்தால் எங்கும் நீலம். பள்ளிவாசல்களின் கூரை முழுவதும் நீல ஓடு பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டையும் கையால் சிறு துண்டுகளாக வெட்டி, பூவும் கொடியுமாகப் பொருத்தியிருக்கிறார்கள். அவர்களுடைய வேத எழுத்துக்களே கொடிபோல ஓடுகின்றன, எது எழுத்து எது கொடி என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. இலங்கை ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்து, நடுநகரத்துப் பெரிய சதுக்கத்தைச் சுற்றி வருவோம். ஒரு பக்கம் செம்பு அடிக்கிறவர்களின் சத்தம் காதைப் பிளக்கும். அதற்கு அடுத்த சந்தில் ஊசி விழுந்தாலும் கேட்கும், அங்கே சித்திரக்காரர்கள் இருப்பார்கள். உள்ளங்கை அளவு பலகையில் ஒரு முழு வேட்டையையே வரைவார்கள், குதிரை, வில், மான், மரம் எல்லாம் இருக்கும். பூனை மயிரில் கட்டிய தூரிகை. மானின் கண்ணுக்குப் புள்ளி வைக்கும்போது அவர்களில் ஒருவர் மூச்சை அடக்கிக்கொள்வார். ஊசி போடும்போது நானும் அப்படித்தான் செய்வேன், அதனால் அவரை எனக்குப் பிடிக்கும்.

கம்பளம் நெய்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது குகநேசன்தான். பெரிய தறிக்கு முன்னால் பலகையில் வரிசையாகப் பெண்கள். ஒருத்தி கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, சிவப்பு இரண்டு, நீலம் ஒன்று, மூன்றை விடு என்று இராகமாகச் சொல்கிறாள். மற்றவர்கள் பதிலுக்குப் பாடிக்கொண்டே முடிச்சுப் போடுகிறார்கள்.

"அக்கா, எங்கட ஆக்கள் தோணி தள்ளேக்க பாடுற பாட்டு மாதிரியெல்லோ கிடக்குது!" என்று குகநேசன் துள்ளினார்.

அங்கேதான் தோட்டக் கம்பளத்தைப் பார்த்தோம். அவர்களுக்குத் தோட்டம் என்றால் சொர்க்கம். வறண்ட நாடு, தண்ணீரும் நிழலும் இருந்தால் அதுவே ஆண்டவனின் வீடு. சுற்றிவர மதில், நடுவிலே குளம், அதிலிருந்து நாலு பக்கமும் வாய்க்கால், கரையில் ஊசி ஊசியாக நிற்கும் சைப்பிரஸ் மரம், மாதுளை, குருவி, மீன் எல்லாவற்றையும் நூலிலே செய்துவிட்டார்கள். முற்காலத்தில் ஒரு பேரரசன் பட்டிலும் பொன்னிலும் மணியிலும் இப்படி ஒரு கம்பளம் செய்து, மண்டபம் நிறைய விரித்து, மாரிக் குளிரில் வசந்தத்தின்மேல் உட்கார்ந்திருந்தானாம். அந்நியப் படை ஊரைப் பிடித்தபோது அந்தக் கம்பளத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் படையினருக்குப் பங்கு போட்டார்களாம். முதன்முதலில் கேட்டபோது எனக்கு அது ஒரு கதை. போன வருடம் சதுக்கத்தில் கடைக் கதவுகள் எல்லாம் ஒன்றாகச் சாத்தப்பட்ட பகலில், துவக்குச் சத்தம் கேட்க ஆஸ்பத்திரி மேசைக்குக் கீழே ஒளிந்திருந்தபோது, வெட்டிய கம்பளம்தான் நினைவுக்கு வந்தது. எவ்வளவு அழகு செய்தாலும் ஒரு நாளில் வெட்டிவிடுவார்கள் என்று நடுங்கினேன்.

நடுங்காத ஆள் குகநேசன். ஆற்றங்கரையில் அச்சுச் சீலை அலசுகிற ஒரு கிழவர், முந்தின காலத்தில் நல்ல சிவப்புச் சீலை தமிழ்க் கரையிலிருந்து கப்பலில்தான் வந்தது என்று சொன்னார். குகநேசனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் நமது தீவுகளில் கிண்டிய சாயவேர் அந்தக் கரைக்கு ஏற்றுமதியானது, அதிலேதான் அந்தச் சிவப்பு என்று எனக்கு விளக்கினார். "அப்ப எங்கட மண் எனக்கு முந்தியே இஞ்ச வந்திட்டுது, பாத்தீங்களோ!" அந்தச் சந்தோஷத்திலேயே இரண்டு வருடச் சேமிப்பைக் கொட்டித் தோட்டக் கம்பளம் ஒன்றை வாங்கிவிட்டார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள்.

"உமக்கென்ன விசரோ? அந்தக் காசை அனுப்பினா அந்தப் பிள்ளை வளவில ஒரு கிணறு வெட்டுவாளெல்லோ!" என்று ஏசினேன்.

"வெட்டினாலும் உப்புத் தண்ணிதான் அக்கா வரும். அவள் நல்ல தண்ணிக்குக் குடத்தோட அரை மைல் நடக்கிறவள். இந்தத் தண்ணி அவளின்ர காலடியில நிக்கும்" என்றார் அவர்.

இப்படிப்பட்டவனோடு என்ன கதைக்கிறது?

வேலணை கழிந்து, புங்குடுதீவுக்குப் போகும் நீண்ட கடற்பாதையில் காற்று பஸ்ஸை உலுப்பியது. மடத்துவெளியில் சிலர் ஏறினார்கள். கடைசி இருக்கைப் பக்கம் வந்தவர்கள் பொதியைக் கண்டதும் முன்னுக்கே போய் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஏறக்குறைய இருபது மைல் ஓடி, பஸ் குறிகட்டுவான் துறையில் நின்றது. வாடைக்காற்று இன்னும் அடங்கவில்லை. அக்கரையில் அம்மன் கோயில் கோபுரமும் விகாரையின் வெள்ளைக் கூம்பும் தெரிந்தன. இடையில் இரண்டு மைல் கடல், வள்ளத்துக்கு ஒரு ரூபா. நான் கரையூரில் பிறந்தும் கடலுக்குப் பயந்தவள்.

கோயிலுக்குப் போகும் சனத்தால் மோட்டார் வள்ளம் நிறைந்திருந்தது. தம்பிராசா முந்திக்கொண்டு போய் வள்ளக்காரரிடம் காதுக்குள் ஏதோ சொன்னார். வள்ளக்காரர் என்னிடம் வந்தார்.

"குறை நினையாதேங்கோ அம்மா. இதை ஏத்த ஏலாது. கோயிலுக்குப் போற சனம், வெள்ளிக்கிழமையும்."

பாரம் கூட என்கிறார் என்று நினைத்தேன். "கூலி கூடத் தாறன் அண்ணை" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "காசுக்கில்லை அம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தம்பிராசா வள்ளத்தில் ஏறி நின்று, என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "நான் முன்னுக்குப் போய் வீட்டில சொல்லிவைக்கிறன் பிள்ளை. நீங்கள் ஆறுதலா வாங்கோ."

"பெரிய உபகாரம்" என்று நான் கைகூப்பினேன். உண்மையாகவே கைகூப்பினேன்!

வள்ளம் போனது. பொதியைத் துறையின் சீமெந்துத் தரையில் கிடத்திவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்தேன். தேத்தண்ணிக் கடைக்காரப் பெண் கேட்காமலே வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். எனக்கு எதிரே குந்தி, "குடியுங்கோ பிள்ளை. நீங்களும் விழுந்திடாதேங்கோ. அவருக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

"ஆருக்கு?"

அவள் நாடியை உயர்த்திப் பொதியைக் காட்டினாள்.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். வெள்ளைச் சீலை. நெஞ்சில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு, காலில் ஒரு கட்டு. பன்னீர், கற்பூரம். ஆறு வருடத்தில் எத்தனை பேரை இப்படிச் சுற்றி அனுப்பியிருப்பேன்! அந்தப் பழகின கை கம்பளத்தையும் அப்படியே கட்டிவிட்டிருக்கிறது. கொண்டக்டர், பொலிஸ்காரர், வள்ளக்காரர் எல்லோரும் குகநேசனின் பிரேதத்துக்குத்தான் மரியாதை செய்திருக்கிறார்கள். தம்பிராசா அதைச் சொல்லிவைக்கத்தான் முன்னுக்குப் போகிறார்!

தேத்தண்ணி கையில் கொட்டியது. "ஐயோ, இது கம்பளம்! பொடியன் உயிரோட இருக்கிறான்!" என்று கத்திக்கொண்டு துறை நுனிக்கு ஓடினேன். வள்ளம் பாதிக் கடலைத் தாண்டிவிட்டது. காற்று எனக்கு எதிராக அடித்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

அடுத்த மோட்டார் வள்ளம் வர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். அதற்குள் அந்தப் பிள்ளையை என்ன செய்வார்கள்? பொட்டை அழிப்பார்கள், பூவைப் பிடுங்குவார்கள், தாலியில் கை வைப்பார்கள். புருஷன் இருக்கத் தாலி இழந்தாள் என்ற பெயரை அவள் ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டும். துறையின் மறுபக்கத்தில் சின்ன வள்ளத்தோடு ஒருவர் நின்றார். கழுத்தில் ஜெபமாலை. சூசை என்று பெயர், கடற்றொழில் செய்கிறவர். அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

அவரும் பொதியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "கம்பளமெண்டு நீர் சொல்லுறீர். நான் எப்பிடி நம்புறது?"

"தூக்கிப் பாருங்கோ அண்ணை. வளைச்சுப் பாருங்கோ!"

அவர் தயங்கித் தயங்கி இரண்டு நுனியையும் பிடித்து வளைத்தார். நடுவிலே வளைந்தது. இன்னும் கொஞ்சம் வளைத்தார். முகம் மலர்ந்து, "அட, கோதாரி!" என்று சிரித்தார். அடுத்த நொடியே சிரிப்பு நின்றுவிட்டது. "தம்பிராசர் எல்லோ முன்னுக்குப் போயிட்டார்? அவரின்ர வாய்க்குப் பூட்டில்லை. கெதியா ஏறும்!"

அந்தக் கடலை எப்படிக் கடந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மனிதர் உட்காரவே இடம் காணாத வள்ளம். அலை தூக்கும்போது வானம், இறக்கும்போது பச்சைத் தண்ணீர்ச் சுவர். கம்பளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன்மேல் படுத்திருந்தேன். உப்புத் தண்ணீர் முதுகில் அடித்தது. என்ன சொல்லுவேன், எப்படித் தொடங்குவேன் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஆட்கள் இறந்த செய்தியை வீட்டாருக்குச் சொல்ல எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல ஒருவரும் பழக்கவில்லை. முன்னே சொல்லப்பட்ட சாவைப் பின்னால் வந்து மறுத்தால் எவர் நம்புவார்? "நிலைமை கடுமை" என்று தொடங்கி, "முடிஞ்சுது" என்று முடிப்பதுதானே ஊர் வழக்கம். நான் எதைச் சொன்னாலும் ஆறுதலுக்குச் சொல்லும் பொய் என்றுதான் எடுப்பார்கள்.

நயினாதீவுத் துறையில் இறங்கியபோது தம்பிராசாவின் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையும் பூட்டியிருந்தது. சூசை ஒரு நுனியும் நான் ஒரு நுனியுமாகத் தோளில் வைத்துக்கொண்டு, பனையோலை வேலிகளுக்கு நடுவே மணலில் ஓடினோம். தெருவில் வந்தவர்கள் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். "கம்பளம், கம்பளம்" என்று நான் மூச்சு வாங்கிச் சொல்ல, பாவம், மூளை பிசகிவிட்டது என்பதுபோலப் பார்த்தார்கள். ஒழுங்கைச் சந்து திரும்பியதும் ஒப்பாரி கேட்டது. வீடு கேட்கத் தேவையில்லை, சத்தமே வழிகாட்டியது.

முற்றத்தில் ஆண்கள் கூடி நின்றார்கள். விறாந்தையில் பெண்கள் தலைவிரி கோலமாகக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் சத்தம் இரண்டு மடங்கானது. கூறைச் சேலையை அலுமாரியிலிருந்து எடுத்து ஒருத்தி மடியில் வைத்திருந்தாள், பிரேதம் வந்ததும் மனைவிக்குக் கடைசியாக ஒருமுறை உடுத்திவிட. அவளுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, ஒருத்தி இருந்தாள். அழவில்லை. ஒரு கை தாலியை முஷ்டியாகப் பிடித்திருந்தது. மறு கை, கிட்ட வந்த எவரையும் தள்ளிவிட நீட்டியபடி இருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. மாதாவே, பொட்டு இருந்தது!

"அவர் உயிரோட இருக்கிறார்! இது கம்பளம்!" என்றேன். ஒப்பாரியில் அது கரைந்தது. பிறகு, நாற்பது கட்டில் வார்ட்டை அடக்கும் என் குரலை எடுத்தேன்: "நிப்பாட்டுங்கோ!"

நின்றது. விறாந்தையில் ஒருத்தி, "உப்பிடித்தான் முதலில சொல்லுவினம்" என்று விம்மினாள்.

இராசமலர் எழுந்தாள். தாலியை விடாமலே முற்றத்துக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பொதியைத்தான் பார்த்தாள். "அவிழுங்கோ" என்றாள்.

கடல் தண்ணீரில் நாடா இறுகிவிட்டது. என் விரலுக்கு முடிச்சு அசையவில்லை. ஒருவரும் உதவிக்கு வரவில்லை, பிரேதத்தைத் தொட எவருக்கும் மனமில்லை. அவளே குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்துவந்தாள். கால்மாட்டுக் கட்டை அறுத்தாள். நடுக்கட்டை அறுத்தாள். மூன்றாவது கட்டில் கத்தியை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். உள்ளே இருப்பது கம்பளம் என்று தெரிந்த எனக்கே, அந்த நொடியில் நிச்சயம் இல்லை.

கட்டு அறுந்தது, சீலை விலகியது. சூசை காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். கம்பளம் முற்றத்து மணலில் எட்டடி நீளத்துக்கு உருண்டு விரிந்தது.

காய்ந்த பனையோலைக்கும் வெள்ளை மணலுக்கும் நடுவிலே சிவப்பும் நீலமுமாக அந்தத் தோட்டம் கிடந்தது. நடுவிலே குளம், நாலு வாய்க்கால், மாதுளை, மீன், குருவி எல்லாம் இருந்தன. இராசமலர் முழந்தாளில் விழுந்து, நாலு மூலையையும் தூக்கி அடியில் பார்த்தாள். வேறு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தாலியிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் தாலியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"நான்… பார்த்தவுடன நினைச்சனான்…" என்று தம்பிராசா கூட்டத்தில் இருந்து இழுத்தார்.

"நீங்கள் நினைச்சதுக்கு என்ர பொட்டை அழிக்க வந்திட்டுது சனம்! வாய் இல்லாட்டி உங்களை நாய் தூக்கிக்கொண்டு போயிடும்!" என்று இராசமலர் பாய்ந்தாள். அந்த மனிதர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். அவர் அழுததை நான் பார்த்தேன். அவர்மேல் எனக்கிருந்த கோபம் அதோடு போய்விட்டது.

பிறகு பெண்கள் ஒருத்தி ஒருத்தியாகக் கிட்ட வந்து தொட்டுப் பார்த்தார்கள். நான் விளக்கம் சொன்னேன், இது சைப்பிரஸ், இது மாதுளை, இது மதில், இது தண்ணீர் என்று. அந்த நாட்டு மனிதர் ஏன் தோட்டத்தை நூலில் நெய்தார்கள் என்று சொன்னேன். கூறைச் சேலைக்காரி குளத்தில் விரலை வைத்து, "உது உப்புத் தண்ணியோ, நல்ல தண்ணியோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அழுத வாய்கள்தான், அழுத சத்தத்திலேயே சிரித்தார்கள். ஒருவர் போய் அம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தச் சொல்லி ஆளனுப்பினார்.

கூட்டம் கரைந்த பிறகு இராசமலர் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து, கதிரையை இழுத்து எதிரே இருந்தாள்.

"நீங்கள் வெளிக்கிடேக்க அவர் சுகமா இருந்தவரோ?"

"ஓம். விடியக் காலமை பஸ் வரைக்கும் வந்தவர். கார் ரயர் எரிஞ்சு தெருவெல்லாம் புகை. இதை அவர்தான் பஸ்ஸுக்கு மேல ஏத்திக் கட்டினவர். கை அசைச்சவர்."

"அது தை மாசம். இப்ப?"

ஆறு வருடமாக எத்தனை மனைவிமாருக்கு "ஒண்டுமில்லை, சுகம் வரும்" என்று சொல்லியிருக்கிறேன்! வாய்வரை வந்தது. அவள் உள்ளங்கையில் அந்தத் தடம் இன்னும் மறையவில்லை. பொய் சொல்ல எனக்கு ஏலவில்லை.

"தெரியாது மலர்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். முற்றத்தில் யாரோ, பனி விழுமுன் கம்பளத்தைச் சுருட்டி உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டார்கள். "சுருட்டாதேங்கோ!" என்று அவள் சத்தம் வைத்தாள். விரித்தபடியே நாலு பேர் நாலு மூலையில் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். அறை முழுவதும் அதுவே நிறைந்தது. படுக்க இடம் எங்கே என்று கேட்டேன். கம்பளத்தின் கரையில் படுப்பேன் என்றாள்.

பின்னேரம் கடைசி வள்ளத்துக்கு அவளே என்னோடு துறைவரை வந்தாள். நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தாண்டித்தான் வந்தோம், குடங்கள் வரிசையில் நின்றன. இஸ்பஹானில் இந்த நேரத்துக்கு நீலக் கூரைகள் ஊதா நிறமாகும், ஆற்றங்கரையில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துத் தேத்தண்ணி குடிப்பார்கள். அங்கே இருந்தபோது நான் இந்தக் கரைக்கு ஏங்கினேன். இன்றைக்கு அந்த ஆற்றங்கரையில் எவர் இருக்கிறார்கள், எவர் இல்லை என்று நினைத்து நடுங்குகிறேன். இனி எந்தக் கரையில் நின்றாலும் மற்றக் கரையை நினைத்துப் பயந்துகொண்டுதான் இருப்பேன் போலும்.

வள்ளத்தில் ஏறிய பிறகு, மரியாதைக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: "நல்ல செய்தி வந்தா உடன ஓடி வருவன் மலர். வரேக்க யாழ்ப்பாணத்திலயிருந்து என்ன கொண்டு வர?"

"ஒண்டும் வேண்டாம் அக்கா. வெறுங்கையோட வாங்கோ. தூரத்தில வரேக்கயே உங்கட ரெண்டு கையும் எனக்குத் தெரியவேணும்."

வள்ளக்காரர் கயிற்றை அவிழ்த்தார். வள்ளம் விலகத் தொடங்கியபோது அவள் துறை நுனிவரை ஓடிவந்தாள்.

"அவரைக் கண்டா, அவரையும் வெறுங்கையோட வரச் சொல்லுங்கோ!"